பொட்டு வைத்த தையல் மிஷின்

இசக்கிசெல்விக்கு மியூசியத்தில் என்ன வேலை என்று அவள் அம்மாவிடம் கேட்டால், "பழைய சாமானுக்கெல்லாம் ஆபீசர்" என்பாள். அதற்கு மேல் கேட்பவர்களை அவளுக்குப் பிடிக்காது. தாராவியில் அவர்கள் சந்துக்காரி ஒருத்தி, மியூசியம் என்றால் வாசலில் நின்று டிக்கெட் கிழிப்பதுதானே என்று குழாயடியில் வைத்துக் கேட்டுவிட்டாள். அம்மா அவளோடு தீபாவளி வரைக்கும் பேசவில்லை. மகள் காலேஜ் படித்து, அதற்கு மேலும் ஒரு படிப்புப் படித்து, கோட் போட்ட மனிதர்களோடு கூட்டத்துக்கெல்லாம் போய் வந்தது டிக்கெட் கிழிக்கவா என்று அவளுக்கு ஆற்றாமை.

சந்துக்காரியைச் சொல்லியும் குற்றமில்லை. கியூரேட்டர் என்பதற்குத் தமிழில் காப்பாட்சியர் என்று ஒரு நல்ல வார்த்தை இருக்கிறது. அதைப் படித்த தமிழர்கள் இருக்கிற மாட்டுங்காவில் சொன்னால் புருவத்தை உயர்த்துவார்கள், தாராவியில் சொன்னால் அப்படியென்றால் என்ன என்று கேட்பார்கள். செல்வியே அதை எங்கும் சொல்வதில்லை. வேலை என்னவோ பெயருக்குள் அடங்காத வேலை. எதை வாங்கி வைப்பது, எதை வேண்டாம் என்று முகம் கோணாமல் திருப்பி அனுப்புவது, வாங்கியதைப் பூச்சியும் பம்பாய் மழையின் ஈரமும் தின்னாமல் பார்த்துக்கொள்வது, அது யாருடையது, யார் கை பட்டது என்று கேட்டு அறிவது. எல்லாம் முடிந்த பிறகு, பார்க்க வருகிறவர் நின்ற நிலையில் வாசித்துப் புரிந்துகொள்கிற மாதிரி நாலு வரி எழுதிப் பொருளுக்குப் பக்கத்தில் மாட்டுவது. இதில் பூச்சியைக்கூடச் சமாளித்துவிடலாம். அந்த நாலு வரிதான் ஆளைப் போட்டுப் பாடாய்ப் படுத்தும்.

செம்பூரில் இப்போதைய மியூசியத்துக்கு வருமுன் அவள் பம்பாயின் தென்கோடியில் ஒரு பெரிய மியூசியத்தில், பார்வையாளர் யாரும் எட்டிப் பார்க்காத கிடங்கில், பழைய துணிகளுக்கு நடுவே பல வருஷம் இருந்தாள். ராஜாக்கள் போட்ட அங்கிகளும் ராணிகள் போர்த்திய சால்வைகளும் அவள் கையால் விரிக்கப்பட்டு, அவள் கையாலேயே மடிக்கப்பட்டன. அங்கே படிந்த பழக்கம் இன்னும் போகவில்லை. எதையும் காதைப் பிடித்தோ கைப்பிடியைப் பிடித்தோ தூக்கமாட்டாள், அடியில் இரண்டு கையும் கொடுத்துத்தான் எடுப்பாள். வீட்டில் காபி டம்ளரையும் அப்படித்தான். "அது என்ன பச்சப்பிள்ளையா?" என்று அவள் கணவர் வெயிலுமுத்து கேலி செய்வார். பஸ் டிப்போவில் ஸ்பேனரைத் தூக்கி எறிந்து பிடித்துப் பழகிய மனிதர், அவருக்கு அது வேடிக்கைதான்.

செம்பூர் மியூசியம் சின்னது. மாட்டுங்காவின் பழைய தமிழ்க் குடும்பம் ஒன்று விட்டுப்போன பங்களா, அதைச் சுற்றி ஒரு டிரஸ்ட், டிரஸ்டுக்குத் தலைவராக வேங்கடசுப்ரமணியன். வங்கியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். சாது. ஆனால் எதற்கெடுத்தாலும் பதறுவார், காற்றில் கதவு அடித்துக்கொண்டால்கூட யாரோ வழக்குப் போட வந்துவிட்டதாக நினைப்பார். முதலில் அந்த வீட்டில் வீணையும் வெண்கல விளக்கும், தலைப்பாகை கட்டியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் போட்டோக்களும்தான் இருந்தன. செல்வி வந்த அடுத்த வருஷம், தாராவித் தமிழர்கள் எந்தெந்தச் சாமானை வைத்துப் பிழைத்தார்கள் என்று ஒரு கூடம் முழுக்கக் காட்டலாம் என்றாள். இட்லி அண்டாவைப் பார்க்க யார் டிக்கெட் எடுத்துக்கொண்டு வருவார்கள் என்று தலைவர் கேட்டார். நியாயமான கேள்விதான். வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமையானால் குடும்பம் குடும்பமாக வந்து, அவரவர் வீட்டு அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

அந்தக் கூடத்தில் இருந்த ஒன்றுகூட டிரஸ்டுக்குச் சொந்தமில்லை. தலையில் கூடையை வைத்துக்கொண்டு ரப்பர் ஹாரனைப் பீப்பீ என்று அழுத்தி இட்லி விற்றவரின் ஹாரன், அரவை மில்லின் தராசு, தையற்காரரின் பெரிய கத்தரி, எல்லாம் இரவல். எப்போது கேட்டாலும் திருப்பித் தந்துவிட வேண்டும் என்பது பேச்சு. கொடுத்தவர்கள் மியூசியத்தை நம்பிக் கொடுக்கவில்லை. மியூசியம் செம்பூரில் எந்தப் பக்கம் என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. "நம்ம இசக்கிசெல்வி கேக்கா, குடு" என்று கொடுத்தார்கள். அவள் பெயரைத் தவிர அவர்கள் கையில் வேறு பிடிமானம் கிடையாது. அது அவளுக்கும் தெரியும். அதனால்தான் கூடத்துச் சாவியை அவள் வேறு யாரிடமும் லேசில் கொடுப்பதில்லை.

கூடத்தின் நடுவில், மற்ற எல்லாவற்றையும்விட எடுப்பாக நின்றது ஒரு தையல் மிஷின். தோலும் கேன்வாஸும் தைக்கிற கனத்த கால்மிஷின். கறுப்பு உடம்பில் தங்க நிறத்தில் பூவும் கொடியும். கை படுகிற இடத்தில் மட்டும் பூ தேய்ந்து, மற்ற இடத்தில் நேற்று வரைந்தது மாதிரி மின்னும். தாராவியில் ஸ்கூல் பை தைத்துப் பேர் வாங்கிய ஜெயினுலாப்தீன் கடையிலிருந்து வந்தது. அவர் இறந்து ஒரு மாதம்கூட ஆகாத சமயத்தில் செல்வி கேட்கப் போனாள். போவதற்கு அவளுக்கே கூச்சமாக இருந்தது. ஆனால் மகன் சிராஜ் கடையைக் குர்லாவுக்கு மாற்றப் போகிறார், பழைய மிஷினை இரும்புக் கடைக்காரர் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார் என்று கேள்விப்பட்ட பின் சும்மா இருக்க முடியவில்லை.

சிராஜ் மரியாதையாகவே பேசினார். கீழே கடை, மேலே வீடு, நடுவில் ஓர் இரும்பு ஏணி. கடையில் உட்கார்ந்து, டீ வாங்கிக் கொடுத்து, வாப்பாவின் மிஷின் நாலு பேர் கண்ணில் படுமென்றால் சந்தோஷம்தான் என்றார். வாப்பா எந்த ஊரிலிருந்து வந்தார், முதல் ஆர்டர் எங்கே கிடைத்தது என்றெல்லாம் சொன்னார். அவருடைய உம்மா, அக்தர் பானு, மேலே இருந்தார். புருஷன் இறந்த பிறகு நாலு மாதத்துக்கு மேல் வெளியே வராமல் இருக்கிற இத்தா. செல்விக்கு அது தெரியாததில்லை. முஸ்லிம் வீடுகளுக்கு நடுவே வளர்ந்தவள், நோன்புக் கஞ்சிக்குத் தூக்குவாளியோடு வரிசையில் நின்றவள். இத்தாவில் இருக்கிறவரைப் போய்த் தொந்தரவு பண்ணக் கூடாது என்று, ஏணியை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அடக்கமாகத் திரும்பி வந்தாள். நாகரிகமாக நடந்துகொண்டோம் என்று அவளுக்குக் கொஞ்சம் திருப்தியும் இருந்தது.

இது நடந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. போன நவராத்திரியில்தான் வினை வந்தது.

ஆயுத பூஜையன்று மியூசியத்துக்கு விடுமுறை. வெள்ளையடித்த ஆட்கள் போட்டுப்போன குப்பையைக் கூட்ட வேண்டும் என்று, கூட்டித் துடைக்கிற சொர்ணம்மாள் கேட்டதால், செல்வி சாவியை அவளிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். சொர்ணம்மாள் மான்குர்த்திலிருந்து வருகிறவள், ஐம்பது வயதிருக்கும். துடைக்கக் கூடாத பொருள் எது, துடைக்கலாம் என்கிற தரை எது என்று செல்வி சொல்லிக்கொடுத்ததை ஒரு நாளும் மீறியதில்லை. ஆனால் அன்றைக்கு அவள் வந்தது துடைக்க மட்டுமில்லை. மாட்டுங்கா மார்க்கெட்டில் இறங்கி, பொரியும் கடலையும் வாழைப்பழமும் சந்தனமும் குங்குமமும் சொந்தக் காசில் வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். வருஷத்தில் ஒரு நாள் ஆயுதத்துக்குப் பூஜை. இங்கே ஒரு கூடம் நிறைய ஆயுதம் கேட்பாரில்லாமல் நிற்கிறது. எந்த மனசு பொறுக்கும்?

மறுநாள் காலையில் செல்வி கூடத்தைத் திறந்தபோது எல்லாப் பொருளும் பொட்டு வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தன. தராசின் இரண்டு தட்டிலும் பொட்டு. கத்தரியின் இரண்டு காதிலும் பொட்டு. ரப்பர் ஹாரனுக்கும் விடவில்லை. அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. நடுவில் நின்ற தையல் மிஷினைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுபோயிற்று. தங்கப் பூவுக்கு நட்டநடுவே, தாராளமாக மூன்று விரல் சந்தனம், அதன் மேல் குங்குமம், காய்ந்து ஒட்டிப்போயிருந்தது.

சொர்ணம்மாளைக் கூப்பிட்டுக் கேட்டாள். அது முஸ்லிம் வீட்டு மிஷின் என்று தெரியாதா என்று. தெரியும் என்றாள் சொர்ணம்மாள். தெரிந்துமா?

"மத்ததுக்கெல்லாம் வச்சிட்டு அதுக்கு மட்டும் வைக்காம விட்டா, அது என்னம்மா நெனைக்கும்?"

செல்வி அவளைத் திட்டவில்லை. சாவியைக் கொடுத்தது யார்? தான்தானே.

தலைவர் வந்தார், பார்த்தார், நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவருக்குத் தெரிந்த அத்தனை விபரீதங்களும் அந்த ஒரு பொட்டுக்குள் இருந்தன. போலீஸ், பத்திரிகை, வாசலில் கூட்டம். கொஞ்ச நேரம் கழித்து அவருக்கே ஒரு வழி தோன்றியது.

"ஈரத்துணியை வச்சு நன்னா துடைச்சுடச் சொல்லும்மா. இன்னும் கேட்டே திறக்கலை. யாருக்குத் தெரியப் போறது?"

ஈரத்துணி பட்டால் குங்குமத்தோடு தங்கப் பூவும் சேர்ந்து வரும் என்று செல்வி சொன்னாள். நாள் கணக்கில் உட்கார்ந்து, உலர்ந்த பிரஷ்ஷால் துளித்துளியாக எடுக்கலாம். அப்படியும் சாயம் கொஞ்சம் நிற்கும். அது கிடக்கட்டும், எடுப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்க அவள் யார்? இரவல் வாங்கிய பொருளுக்கு ஏதாவது ஆனால் முதலில் உடையவரிடம் சொல்ல வேண்டும். பிறகுதான் தொட வேண்டும். கிடங்கில் இருந்த காலத்தில் ஒரு ராணியின் சால்வையில் ஒரு நூல் பிரிந்ததற்கு, எங்கோ கடல் கடந்து இருந்த பேரனுக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தவள். ராணிக்கு ஒரு நியாயம், ஜெயினுலாப்தீன் வீட்டுக்கு ஒரு நியாயமா? சொன்னால் மிஷினைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களே என்றார் தலைவர். போகட்டும் என்று அவள் சொல்லவில்லை. அவளுக்கும் அந்தப் பயம்தான். மிஷின் போனால் அதோடு போகாது. செல்வியை நம்பிக் கொடுத்தோம், கோட்டை விட்டுவிட்டாள் என்று பேச்சுக் கிளம்பினால், அண்டாவும் தராசும் ஒவ்வொன்றாகத் தாராவிக்குத் திரும்பும். அப்புறம் அவள் எந்த முகத்தோடு எந்தச் சந்தில் நுழைவாள்?

போன் பண்ணினாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். சிராஜ் கோபத்தைவிட அதிகமாகக் கலக்கத்தோடு, "செல்வியக்கா, யே க்யா கர் தியா? என்ன இப்படிப் பண்ணிட்டீங்க? ஜமாத்துல ஒருத்தன் போட்டோ பாத்தான்னா என் நெலம என்ன? வாப்பா சாமான் அது. நீங்க மிஷினத் திருப்பிக் குடுத்துருங்க" என்றார். ஞாயிற்றுக்கிழமை காலையில் டெம்போவோடு வருவதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் செல்வி மிஷினை ஒரு வெள்ளைத் துணியால் மூடி வைத்தாள். மூடிய மிஷின் இன்னும் மோசமாக இருந்தது, துக்க வீடு மாதிரி. அம்மா விஷயம் கேள்விப்பட்டு, சொர்ணம்மாளை வேலையை விட்டு நிறுத்தினால் பழி அவள் மேல் போய்விடும் என்று யோசனை சொன்னாள். பெற்ற தாயை முறைத்துப் பார்த்துவிட்டு செல்வி ரயிலைப் பிடிக்கப் போனாள்.

சிராஜ் டெம்போவோடு சொன்னபடி வந்தார். டெம்போவின் முன் சீட்டிலிருந்து, பர்தாவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, முட்டியைத் தேய்த்துவிட்டபடி ஓர் அம்மாள் இறங்கினார். அக்தர் பானு. செல்வி அவரைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. மிஷினை எடுக்கப் போவதென்றால் தானும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்து வந்ததாக சிராஜ் சொன்னார். கூடத்தின் திறப்பு விழாவுக்கு ஏன் வரவில்லை என்று கேட்க செல்விக்கு வாய் வரவில்லை. அழைப்பு சிராஜுக்குத்தான் போயிருந்தது.

கூடத்தில் தலைவர் கைகட்டி நின்றார். சொர்ணம்மாள் கதவோரம், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. செல்வி துணியை எடுத்தாள்.

பானு பொட்டைப் பார்த்தார். சிராஜ் தலையைத் திருப்பிக்கொண்டார். பானு, யார் வைத்தது என்று கேட்டார். சொர்ணம்மாள் நான்தான் என்றாள், சத்தமே வராமல்.

"நல்லாத்தான் வச்சிருக்கா" என்றார் பானு.

கடையில் வேலை பார்த்த சுடலைக்கண்ணன் என்கிற பையன் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் இதே இடத்தில்தான் வைப்பானாம். சிராஜின் வாப்பா அன்றைக்கு மட்டும் கண்டும் காணாத மாதிரி பள்ளிவாசல் பக்கம் போய்விடுவாராம், திரும்பி வரும்போது பையன்களுக்குப் பிரியாணி வாங்கி வருவாராம். சின்னப் பிள்ளையாக இருந்தபோது நீயும் பொரி தின்றவன்தானே என்று மகனைக் கேட்டார். சிராஜுக்கு முகம் சுண்டிப்போயிற்று. பானு பொட்டை மறுபடியும் உற்றுப் பார்த்தார். விரலால் தொடப் போய், தொடாமல் செல்வியைத் திரும்பிப் பார்த்தார்.

"எங்க கடையில ரெண்டு நாள் நிக்காதும்மா. தைக்கிற கை பட்டுப் பட்டுத் தானா அழிஞ்சிரும். இங்கதான் யாரும் தைக்கலையே, அதான் அப்படியே இருக்கு."

தலைவர் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார். செல்விக்கும் உடம்பிலிருந்து ஏதோ ஒரு பாரம் இறங்கிற்று. அப்பாடா என்று அவள் நினைத்த அந்த நிமிஷத்தில்தான் பானு, மிஷினுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த பலகையைக் காட்டி, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். அவருக்கு அரபி ஓதத் தெரியும். தமிழும் இங்கிலீஷும் வாசிக்க வராது. சிராஜுக்கும் தமிழ் எழுத்து தகராறு. இங்கிலீஷில் இருந்ததை வாசித்து, கொஞ்சம் பெருமையோடேயே தமிழில் சொன்னார். இது பை தைக்கும் ஜெயினுலாப்தீனின் மிஷின் என்று போட்டிருக்கிறது உம்மா. கடையநல்லூரிலிருந்து வந்து தாராவியில் முப்பது வருஷம் இதில் உட்கார்ந்து தைத்தாராம். இந்தத் தேய்ந்த இடமெல்லாம் வாப்பா கை பட்டதாம்.

பானு மிஷினைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். பூ தேய்ந்த இடத்துக்கு வந்ததும் நின்று, தன் இடது கையைப் பர்தாவிலிருந்து வெளியே எடுத்து, மிஷினில் படாமல், அதன் மேலே ஒரு விரல் உயரத்தில் பிடித்தார். சின்னக் கை. தேய்ந்த இடத்துக்கு அந்தக் கை அளவாக இருந்தது. செல்வி அதைப் பார்த்தாள். பார்த்த உடனே அவளுக்குப் புரிந்துவிட்டது. பானு சொல்லுமுன்பே காது இரண்டும் சூடாகிவிட்டன.

"அவுக ஒரு நாளும் இதுல உக்காந்ததில்லம்மா" என்றார் பானு. "அவுக தோல் வெட்டுவாக. தச்சது நான்."

உம்மா என்றார் சிராஜ். உம்மா தைத்ததையும் அவர் வீட்டு வேலைகளில் ஒன்றாகவே பார்த்து வளர்ந்தவர். அவர் பொய் சொன்னவர் இல்லை. கடை வாப்பாவின் பெயரில் இருந்தது, பையில் தைத்த துணி லேபிளில் வாப்பா பெயர் இருந்தது, அப்படியானால் மிஷினும் வாப்பாவுடையதுதானே? மகன் மேல் பானுவுக்குக் கோபம் இருந்த மாதிரி தெரியவில்லை. இந்த மிஷினுக்குப் பக்கத்தில்தான் உனக்குத் தொட்டில் கட்டியிருந்தேன், மிஷின் சத்தம் நின்றால் முழித்துக்கொண்டு அழுவாய், அதனாலேயே நான் நிறுத்தாமல் தைத்தேன் என்று மட்டும் சொன்னார். பிறகு செல்வியிடம் திரும்பினார்.

"அன்னைக்கு நீ வந்தப்ப நான் ஏணிக்கு மேல தாம்மா உக்காந்திருந்தேன். நீங்க பேசினது எல்லாம் கேட்டுச்சு. அவுக மௌத்தாகி மாசம் ஒண்ணு ஆகல. அந்த நேரத்துல மேல இருந்துக்கிட்டு அது என் மிஷின்னு நான் சத்தம் போட முடியுமா? இத்தாவுல ஆம்பளைகதான் வரக்கூடாது. நீ பொம்பளதான. மேல ஏறி வருவேன்னு நெனச்சேன். ரெண்டு எட்டு. நீ வரல."

செல்விக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கவும் இல்லை. அவள் செய்ததற்கு அறியாமை என்று பெயர் சொல்ல முடியாது. இத்தா என்றால் என்னவென்று தெரியாத ஒருத்தி போயிருந்தால், வீட்டம்மா எங்கே என்று கேட்டுவிட்டு விடுவிடுவென்று ஏணி ஏறியிருப்பாள். ஆண்கள்தான் பார்க்கக் கூடாது, பெண்கள் போய் ஆறுதல் சொல்வார்கள் என்று செல்விக்கு நன்றாகத் தெரியும். சின்ன வயதில் அம்மாவோடு அப்படிப் போய் உட்கார்ந்திருக்கிறாள். ஆனாலும் கவுரவமாக நடந்துகொள்கிறோம் என்ற நினைப்பில், கையில் கிடைத்த ஆண்பிள்ளையிடம் கேட்டதை எழுதிக்கொண்டு வந்துவிட்டாள். மிஷினை அடியில் இரண்டு கையும் கொடுத்துத்தான் எடுத்து வந்தாள். அதில் தைத்த ஆளை அப்படியே மேலே விட்டுவிட்டு வந்திருக்கிறாள். ஒரு வருஷமாக வருகிறவர் போகிறவரெல்லாம் அந்தப் பொய்யைப் படித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். குங்குமக் கறையைப் பற்றி ராத்திரியெல்லாம் புரண்டவளுக்குத் தன் எழுத்தைப் பற்றி ஒரு சந்தேகமும் வரவில்லை.

"தப்பு என்னோடதுதான் சாச்சி" என்றாள். தாராவியில் பக்கத்து வீட்டு முஸ்லிம் பெண்களை அப்படிக் கூப்பிட்டு வளர்ந்த வாய், தானாக வந்தது. பலகையைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். பலகை மாட்டியிருந்த கம்பத்தில் இரண்டு ஆணி மட்டும் நின்றது. மிஷின் உங்களுடையது, டெம்போ நிற்கிறது, எடுத்துக்கொண்டு போவதென்றால் நானே ஆள் வைத்து ஏற்றித் தருகிறேன், இருக்கட்டும் என்றால் நீங்கள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன், இரண்டில் எதுவானாலும் உங்கள் இஷ்டம் என்றாள். தலைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அவர் பக்கம் திரும்பவில்லை.

பானு உட்கார நாற்காலி கேட்டார். சொர்ணம்மாள் ஓடிப்போய் ஒரு ஸ்டூல் கொண்டுவந்து மிஷினுக்கு முன்னால் போட்டாள். அங்கேதான் போட வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. பானு உட்கார்ந்தார், உட்கார்ந்ததும் கால் தன்னால் மிதியின் மேல் ஏறிக்கொண்டது. சக்கரம் அசையவில்லை. பெல்ட்டைப் பத்திரமாக உள்ளே எடுத்து வைத்திருப்பதாக செல்வி சொன்னாள். பானு தலையை ஆட்டிவிட்டுச் சொல்லத் தொடங்கினார். கல்யாணமாகி வந்த மழைக்காலத்தில் இதைத் தாதரில் ஒரு பார்சிக்காரர் வீட்டிலிருந்து கைவண்டியில் கொண்டுவந்தது, தோல் தைக்கும்போது ஊசி விரலில் ஏறியது, ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிற சீசனில் நோன்போடு பகலெல்லாம் தைத்தது, முட்டி போனது. இடையிடையே சிராஜ், அது எனக்குத் தெரியாதே உம்மா, அது எனக்குத் தெரியாதே என்று சொல்லிக்கொண்டிருந்தார். செல்வி கேட்டாள், கேட்டாள், கேட்டுக்கொண்டே இருந்தாள். இந்த முறை ஒன்றையும் விடவில்லை.

வெளியே டெம்போக்காரர் ஹாரன் அடித்தார். வெயிட்டிங் சார்ஜ் ஏறுகிறது என்று சிராஜ் நெளிந்தார். உம்மா, எடுப்பதா வேண்டாமா?

பானு ஸ்டூலிலிருந்து எழுந்தார். ஒரு கையை மிஷின் மேல் ஊன்றித்தான் எழுந்தார், இந்தத் தடவை தொடலாமா என்று யாரையும் கேட்கவில்லை.

"அது இங்கயே இருக்கட்டும். டெம்போவ வீட்டுக்குப் போகச் சொல்லு. கேஸ் சிலிண்டருக்கு அடியில ஒரு பலகை கெடக்குல்லா, அத ஏத்திக்கிட்டு வரச் சொல்லு."

எதற்கு அந்தப் பழைய பலகை என்று சிராஜ் கேட்டார்.

"ஒங்க வாப்பா தோல் வெட்டுனது அதுலதான். கத்தி பட்டுப் பட்டு நடுவுல குழி விழுந்து கெடக்கும். ஒரு ஆளால தூக்க முடியாது, நீயும் கூடப் போ." அவர் செல்வியின் கையிலிருந்த எழுத்துப் பலகையைப் பார்த்தார். "அவுக பேர எடுத்துட்டேன்னு ஆகக் கூடாதும்மா. பலகைக்கு அவுக பேரப் போடு. மிஷினுக்கு என் பேரப் போடு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வையி. நாங்க அப்படித்தான் உக்காந்திருப்போம்."

சிராஜ் வெளியே போனார். டெம்போக்காரரிடம், தாராவிக்குப் போய்த் திரும்பி வர என்ன கேட்பீர்கள் என்று அவர் விசாரிக்கிற சத்தம் உள்ளே கேட்டது.